இருக்கறனுங்க

அப்பா,

இன்று காலை ஜன்னலைத் திறந்தபோது உங்கள் முடிச்சு கண்ணில் பட்டது.

நடுக் கம்பியில், உங்கள் பழைய துண்டிலிருந்து கிழித்த பட்டை ஒன்று கட்டியபடியே இருக்கிறது. அதன் பச்சைக் கரை வெயிலில் வெளுத்துப்போய்விட்டது. தினமும் நான் திறந்து மூடுகிற ஜன்னல்தான். இத்தனை மாதமாக எப்படிப் பார்க்காமல் இருந்தேன் என்று தெரியவில்லை. மாட்டுக் கயிற்றுக்கு நீங்கள் போடுகிற அதே முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும். நுனியைப் பிடித்துச் சுண்டினால் அவிழ்ந்துவிடும். நான் சுண்டிப் பார்க்கவில்லை.

அக்காவின் போனைக் கட்டுவதற்காக நீங்கள் போட்டது அது. நம் வீட்டுக்குள் அந்த ஜன்னலுக்கு மட்டும்தான் டவர் எட்டும். போனை அங்கே கட்டிவிட்டு, அதிலிருந்து லேப்டாப்புக்கு நெட் எடுத்து, கட்டில்மேல் உட்கார்ந்துதான் அக்கா எங்கெங்கோ இருக்கிற பல்கலைக்கழகங்களுக்கு வேலை கேட்டு எழுதினாள்.

இன்று சாயங்காலம் அவற்றில் ஒன்றிலிருந்து அவளைக் கூப்பிடுவதாக இருந்தது. வேலை இருக்கிறது, வருகிறாயா என்று கேட்பதற்கு. "வரலைன்னு சொல்லிடப் போறேன்டி" என்று காலையில் தலை சீவிக்கொண்டே அக்கா சொன்னாள். சொல்லிவிட்டு தர்மபுரி பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள். அவள் அப்படிச் சொன்னதும் எனக்கு ஆறுதலாக இருந்தது. இதை உங்களிடம்தான் சொல்ல முடியும். பிறகு மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து ஜன்னலைத் திறந்தேன். முடிச்சைப் பார்த்தேன். அதிலிருந்து அந்த ஆறுதல் எங்கே போனதென்று தெரியவில்லை.

கல்லறைக்கு வந்தே சொல்லியிருக்கலாம். ஆனால் பக்கத்து வீட்டிலிருந்து அத்தையும் கூட வருவார். அத்தை முன்னால் என்னால் பேச முடியாது என்று உங்களுக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

உங்கள் பெயரை நான் முழுதாக எழுதிப் பழகியதில்லை. பள்ளிக்கூடத்தில் என் பெயருக்கு முன்னால் 'ச' என்று போட்டு ஒரு புள்ளி வைத்தால் போதும். அந்த ஒரு எழுத்துக்குள் நீங்கள் இருந்தீர்கள். அக்காவும் டாக்டர் பட்டம் வாங்கும்வரை ச. ஜெயராணிதான். பாஸ்போர்ட் எடுக்கப் போனபோதுதான் வம்பு வந்தது. பெயரை ஒரு கட்டத்திலும் குடும்பப் பெயரை இன்னொரு கட்டத்திலும் எழுதச் சொன்னார்களாம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? எல்லோரும் செய்கிற மாதிரி அக்கா அந்தக் கட்டத்தில் உங்கள் பெயரை எழுதிவிட்டு வந்தாள்.

நீங்கள் பயந்துபோனீர்கள்.

"என் பேரு எதுக்குக் கண்ணு அதுல? நானா ஏரோப்ளேன் ஏறப் போறேன்?"

"ஏறித்தான் ஆவணும். இனிமே நான் எங்க போனாலும் உங்களக் கூட்டிக்கிட்டுத்தான் போவணும்."

"அப்ப மாட்ட யாரு பாத்துக்கறது?" என்று கேட்டீர்கள். விளையாட்டுக்குக் கேட்டீர்களா, நிஜமாகவே கேட்டீர்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு வந்த மெயில் எல்லாமே உங்களுக்குத்தான் வந்தது. அந்த நாடுகளில் மரியாதைக்குக் குடும்பப் பெயரைத்தான் சொல்வார்களாம். 'அன்புள்ள டாக்டர் சவரிமுத்து' என்றுதான் ஆரம்பிக்கும். அக்கா படித்துக் காட்டும்போது நீங்கள் சம்மணத்தைச் சரிசெய்துகொண்டு உட்காருவீர்கள். "அஞ்சாங் கிளாசுக்காரன டாக்டரு ஆக்கிட்டாங்க பாரு" என்று அத்தையிடம் சொல்லி, கறைப் பல் தெரியச் சிரிப்பீர்கள். நம் ஊரில் எல்லோருக்கும் அந்தப் பல்தான். ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் வருவதற்கு முன்னால், ஃப்ளோரைடு கலந்த போர்வெல் தண்ணீர் குடித்துக் கறை ஏறிய பல்.

அந்தத் தண்ணீரைப் பற்றித்தான் அக்கா கோயம்புத்தூரில் ஆராய்ச்சி செய்தாள். ஒருமுறை கோயம்புத்தூருக்குத் திரும்பும்போது நம் போரிலிருந்து கேன் நிறையப் பிடித்துக்கொண்டு போனாள். நீங்கள் அதை பஸ் ஸ்டாப்வரை தோளில் தூக்கிவந்து, "கோயமுத்தூர்ல இல்லாத தண்ணியா?" என்று கேட்டீர்கள். "இந்தக் கெட்ட தண்ணி அங்க கெடைக்காதுப்பா" என்றாள். பஸ் போன பிறகும் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். கெட்ட தண்ணீருக்கும் ஒரு மதிப்பு இருக்கிறதே என்று.

படித்து முடித்துப் பட்டமும் வாங்கிய பிறகு, தர்மபுரியில் ஒரு கல்லூரியில் கெஸ்ட் லெக்சரராகச் சேர்ந்தாள். அங்கே பாடம் எடுக்கலாம், ஆராய்ச்சி செய்ய இடமில்லை. அதனால் போஸ்ட் டாக் தேட ஆரம்பித்தாள். அந்த வார்த்தை நம் வீட்டுக்கு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அத்தை களி கிண்டிக்கொண்டிருந்தார்.

"போஸ்ட் ஆபீசு வேலைக்கா இம்மாம் படிப்பு? அதுக்கு வெளிநாடு வேறயா? மாரண்டஹள்ளியிலயே ஒரு தபால் ஆபீசு இருக்குதே."

"தபால் இல்லீங்க அத்தை. டாக்டர் பட்டம் வாங்கினதுக்குப் பொறவு, ஒரு பெரிய பேராசிரியர்கிட்ட அவங்க லேப்ல ரெண்டு மூணு வருசம் ஆராய்ச்சி பண்றது. சம்பளம் குடுப்பாங்க. அது முடிஞ்சாத்தான் நிரந்தரமா எங்கயாச்சும் எடுப்பாங்க."

நீங்கள் யோசித்துப் பார்த்தீர்கள். "படிச்சு முடிச்சப்பொறவு மறுபடியும் படிப்பா? கண்ணாலம் முடிஞ்சு பொண்ணு பாக்கப் போற மாதிரி இருக்குதே கண்ணு."

மறுநாள் டீக்கடையில் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தீர்கள். டீக்கடைக்காரர் விடவில்லையாம். "கரண்டு போஸ்டுக்கு எதுக்குங்க டாக்டரு? ஷாக் அடிச்சாப் பாக்கவா?" என்று கேட்டாராம். அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்களாம். நீங்களும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்து எங்களிடமும் சொன்னீர்கள். ஆனால் டீ குடிக்காமல் வந்திருந்தீர்கள். வீட்டில் போட்டுக் கொடுத்ததை இரண்டு தரம் வாங்கிக் குடித்ததில் எனக்குத் தெரிந்தது.

வேலை தேடுவது என்றால் கூப்பிட்ட இடத்துக்குப் போய் நிற்பது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அக்கா தேடியது அப்படி இல்லை. ஒரு பேராசிரியர் எழுதிய கட்டுரைகளை எல்லாம் படிப்பாள். அவர் எந்த இடத்தில் நிறுத்தியிருக்கிறாரோ அங்கிருந்து நான் இதைச் செய்கிறேன் என்று எழுதுவாள். ஒருவருக்கு எழுதியதை இன்னொருவருக்கு அனுப்பக் கூடாதாம், கண்டுபிடித்துவிடுவார்களாம். ஒவ்வொன்றுக்கும் பல நாள் ஆகும். அனுப்பிய பிறகு காத்திருப்பாள். பாதிப் பேர் பதிலே போடமாட்டார்கள்.

"பதில் போடலன்னா என்ன கண்ணு. வூட்ல ஆள் இருக்குதோ இல்லியோ" என்பீர்கள்.

பதில் வந்த முதல் நாள் நீங்கள் செய்த தப்புதான் நம் வீட்டில் ஒரு வார்த்தையாகவே ஆகிவிட்டது. அக்கா போனைப் பார்த்துவிட்டு முகம் சுருங்கி, மெதுவாக, "அன்ஃபார்ச்சுனேட்லி..." என்று வாய்க்குள் படித்தாள். நீங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தீர்கள்.

"அன்பா என்னமோ சொல்றாங்க போல?"

அக்கா உங்களை நிமிர்ந்து பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. கண்ணில் தண்ணீர் வந்து, முந்தானையால் துடைத்துக்கொண்டு, "ஆமாப்பா. ரொம்ப அன்பா இல்லன்னு சொல்லியிருக்காங்க" என்றாள். அன்றிலிருந்து அப்படி வருகிற மெயிலுக்கு நம் வீட்டில் அன்பு என்று பெயர். சாயங்காலம் வயலிலிருந்து வந்ததும் கால் கழுவுவதற்கு முன்னாலேயே, "இன்னிக்கு அன்பு வந்துச்சா?" என்று கேட்பீர்கள். "வந்துச்சுப்பா." "எந்த ஊர்லருந்து?" "ஜெர்மனி." "தூரத்துலருந்தெல்லாம் வருது" என்பீர்கள்.

அக்கா வகுப்பில் இருக்கும்போது போன் பார்க்க முடியாது. அதனால் பழைய போனில் அவளுடைய மெயிலைப் போட்டு என்னிடம் கொடுத்திருந்தாள். "அன்பு வந்தா சொல்லாத, சாயந்தரம் வந்து பாத்துக்கறேன். அது இல்லாம ஏதாச்சும் வந்தா மட்டும் காலேஜுக்கு போன் பண்ணு" என்றாள். எனக்கு ஆங்கிலம் படித்துப் புரிந்துகொள்ள வராது. அந்த ஒரு வார்த்தையின் உருவத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டேன். ஆங்கிலத்தில் எனக்குத் தெரிந்த நீளமான வார்த்தை அது ஒன்றுதான். மெயில் வந்தால் அதைத் தேடுவேன். எப்போதும் இருக்கும். அதனால் போன் பண்ண வேண்டிய தேவை எனக்கு வரவே இல்லை. அதில் எனக்கு உள்ளூர நிம்மதிதான். போனில் பேச எனக்கு வராது.

நான் பள்ளிக்கூடத்தை விட்டதைப் பற்றி நாம் பேசியதே இல்லை அப்பா. ஊர்ப் பள்ளியில் எல்லோருக்கும் என் பல்தான். மாரண்டஹள்ளியில் ஒன்பதாவது சேர்ந்தபோதுதான் வெள்ளைப் பல்லுக்காரிகளுக்கு நடுவில் உட்கார்ந்தேன். ஒருத்தி, "வெத்தலை போடுவியாடி?" என்று கேட்டாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டாள். அன்றிலிருந்து கையால் வாயை மூடிக்கொண்டு பேச ஆரம்பித்தேன். டீச்சருக்கு நான் சொல்வது கேட்காது. எழுந்து நிற்கச் சொல்வார்கள். நின்றாலும் கேட்காது. ஒரு நாள் போகவில்லை. அப்புறம் போகவே இல்லை. "நாளைக்குப் போலாமா கண்ணு?" என்று கொஞ்ச நாள் காலையில் கேட்டீர்கள். அதையும் நிறுத்திவிட்டீர்கள். இழுத்துக்கொண்டு போய் விட்டிருக்க வேண்டும் என்று அத்தை இன்றைக்கும் சொல்கிறார். எனக்கு ஒரு வயதாக இருக்கும்போதே அம்மா இறந்துவிட்டார். தாயில்லாத பிள்ளை என்றுதான் நீங்கள் இழுக்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஒன்று மட்டும் விடாமல் சொன்னீர்கள். "கைய எடுத்துட்டுப் பேசு கண்ணு. பாதி உள்ளங்கையிலயே நின்னுபோவுது."

கொஞ்ச நேரம் எடுப்பேன். அப்புறம் கை தானாகப் போய்விடும்.

நிறைய அன்பு வந்த பிறகுதான் அக்காவுக்கு முதல் இன்டர்வியூ வந்தது. குளிர் நாட்டுப் பேராசிரியர் ஒருவர், நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய பெண். அங்கே மதியம், நமக்குச் சாயங்காலம். அன்றும் நீங்கள்தான் போனை ஜன்னலில் கட்டினீர்கள். என்னை அடுப்படியில் உட்காரச் சொன்னீர்கள். மாடு கத்தக் கூடாது என்று சோளத்தட்டு அறுத்துவரப் போனீர்கள். அத்தையை இந்தப் பக்கமே வராதே என்று சொல்லியிருந்தீர்கள். எல்லாம் சரியாக யோசித்திருந்தீர்கள். தட்டோடு நீங்கள் திரும்பி வரும் வழி ஜன்னல் வழி என்பதைத்தான் யோசிக்கவில்லை.

அடுப்படியிலிருந்து எனக்கு எல்லாம் கேட்டது. லேப்டாப்பில் கரகரவென்று ஒரு சத்தம். பிறகு அந்த அம்மா நம் மாதா கோயில் மணி மாதிரி கணீரென்று கூப்பிட்டார்.

"டாக்டர் சவரிமுத்து? ஆர் யூ தேர்?"

"இருக்கறனுங்க!" என்று ஜன்னலுக்கு வெளியிலிருந்து நீங்கள் பதில் சொன்னீர்கள். "யாருங்க கூப்புடறது?"

தலையில் தட்டுக்கட்டோடு, கம்பிக்குள் முகத்தை வைத்து எட்டிப் பார்த்தீர்கள். நான் ஓடிவந்தபோது அக்கா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். திரையில் அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு உங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா "மை ஃபாதர்" என்று ஏதோ சொன்னாள். அந்த அம்மா கையை உயர்த்தி ஆட்டினார். நீங்கள் பதிலுக்குக் கும்பிடக் கையை எடுத்தீர்கள், தட்டுக்கட்டு சரிந்து கீழே விழுந்தது. மாடு கத்தியது.

மிச்ச நேரமெல்லாம் அக்கா நன்றாகத்தான் பேசினாள். ஆனால் ஒரு மாதம் கழித்து மெயில் வந்தது. அந்த வார்த்தை அதிலும் இருந்தது.

"அன்பு வந்துச்சா?" என்று கேட்டீர்கள்.

"வந்துச்சுப்பா. அந்த மேடம்தான்."

நீங்கள் கால் கழுவப் போகவில்லை. அங்கேயே நின்றீர்கள். "நான் குறுக்கால பேசிப்புட்டேன். அதான் ஆவல."

"அதில்லப்பா. இந்த வருசம் ஆள் எடுக்க அவங்களுக்கு அனுமதி வரலியாம். அடுத்து வந்தா எழுதறேன்னு போட்டிருக்காங்க."

"அது சும்மா மரியாதைக்குச் சொல்றது கண்ணு. பொண்ணு புடிக்கலன்னா ஜாதகம் சேரலம்பாங்கல்ல."

அக்கா எவ்வளவு சொல்லியும் நீங்கள் நம்பவில்லை. அதற்குப் பிறகு இன்டர்வியூ என்றால் போனைக் கட்டிவிட்டு, மாட்டையும் ஓட்டிக்கொண்டு, புளிய மரத்தையும் தாண்டி கடைசி மேட்டுக்குப் போய்விடுவீர்கள். என் பெயர் கேட்காத தூரத்துக்குப் போகிறேன் என்பீர்கள். முடிந்ததும் நான் வந்து கூப்பிட வேண்டும்.

அன்றும் அப்படித்தான். அக்கா பேசி முடித்து, "அப்பாவக் கூப்புடுடி" என்றாள். நான் வரப்பில் நடந்து வந்தேன். முதலில் மாடுதான் தெரிந்தது. கயிறு தரையில் கிடந்தது. அவிழ்ந்து கிடந்தும் அது பக்கத்துத் தக்காளியில் வாய் வைக்காமல் நின்ற இடத்திலேயே நின்றது. அதன் காலடியில் நீங்கள் படுத்திருந்தீர்கள். தூங்குகிறீர்கள் என்று நினைத்தேன். கூப்பிட்டேன். மறுபடி கூப்பிட்டேன். அவ்வளவு சத்தமாக நான் யாரையும் கூப்பிட்டதில்லை. யார் கூப்பிட்டாலும் இருக்கறனுங்க என்று சொல்கிற நீங்கள் எனக்குப் பதில் சொல்லவில்லை.

நெஞ்சு நின்றுபோயிருக்கிறது, பக்கத்தில் ஆள் இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். அக்கா தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து, லேப்டாப்பைப் பீரோவுக்குள் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டாள். யாருக்கும் எழுதவில்லை. அத்தை ஒருநாள் கேட்டதற்கு, "வேற நாளா இருந்தா ஜன்னல்கிட்ட நின்னிருப்பாருங்க. எனக்காகத்தான் அவ்வளவு தூரம் போனாரு" என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டால், சத்தமில்லாமல் இருக்கிறது. அக்கா முதல் பஸ்ஸுக்குப் போனால் இருட்டும்போதுதான் வருவாள். நடுவில் யாரோடும் நான் பேசுவதில்லை. சில நாள் அக்கா வந்து ஏதாவது கேட்டு நான் பதில் சொல்லும்போது, என் குரல் எனக்கே புதிதாக இருக்கும். காலையிலிருந்து அதுதான் முதல் வார்த்தையாக இருக்கும். பேச ஆளில்லாதபோது கையால் வாயை மூட வேண்டியதில்லை என்பது ஒரு வசதி.

பழைய போனை மட்டும் தினமும் பார்த்துவந்தேன். யாரும் பார்க்கச் சொல்லவில்லை, பழக்கம்தான். போன வாரம் மாட்டுக்கொட்டகையைக் கூட்டிவிட்டு வாசலில் நின்று பார்த்தால், மெயில் வந்திருந்தது. மேலே உங்கள் பெயர். நான் அந்த வார்த்தையைத் தேடினேன். இல்லை. விரல் வைத்து வரி வரியாகத் தேடினேன். கடைசிவரை இல்லை.

அன்பு வரல அப்பா, இந்தத் தடவ அன்பு வரல என்று வாய்விட்டுச் சொன்னேன். வீட்டில் யாரும் இல்லை.

காலேஜுக்கு போன் பண்ணினேன். எடுத்தவர் "யாரு பேசறது? சத்தமாப் பேசுங்க" என்றார். நான் வைத்துவிட்டேன். சாயங்காலம் அக்கா வந்த பிறகுதான் காட்டினேன்.

அந்தக் குளிர் நாட்டுப் பேராசிரியர்தான். மரியாதைக்குச் சொல்லவில்லை அப்பா அவர். நிஜமாகவே அனுமதி வந்ததும் எழுதியிருக்கிறார், வேலையைப் பற்றிப் பேச இன்று கூப்பிடுவதாகவும் சொல்லியிருக்கிறார். அக்கா நின்றபடியே படித்தாள். உட்கார்ந்து இன்னொரு தரம் படித்தாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "சாப்புட்டியா?" என்று கேட்டாள்.

அன்று இரவு களி தின்னும்போது அத்தைதான் ஆரம்பித்தார்.

"என்னாடி ராணி, போறியா இல்லியா?"

"இவளத் தனியா விட்டுட்டு எப்படீங்க போறது?"

"ராத்திரிக்கு நான் வந்து படுத்துக்கறேன். எனக்கென்ன, அங்கயும் டீவிதான், இங்கயும் டீவிதான்."

"இங்க டீவி ரிப்பேருங்க அத்தை."

"அப்ப இவளப் பேசச் சொல்லு, கேட்டுக்கிட்டுப் படுத்துக்கறேன். என்னாடி, பேசுவியா? வாயில என்ன கொழுக்கட்டையா?"

நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை போன பிறகு அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நெசமாச் சொல்லு. நான் போனா நீ என்ன பண்ணுவ?"

"மாடு இருக்குதே."

"மாடு பேசுமாடி?"

"நானுந்தான் பேசறதில்ல" என்றேன். கை வாயில் இருந்தது. அவள் அந்தக் கையைப் பார்த்தாள். அப்போதே முடிவு செய்துவிட்டாள் என்று நினைக்கிறேன். இன்று காலை தலை சீவும்போது சொன்னது அதைத்தான்.

சாயங்காலம் சீக்கிரமே வந்துவிட்டாள். பீரோவிலிருந்து லேப்டாப்பை எடுத்துத் தூசி தட்டினாள். போனைக் கட்டுவதற்கு நாடா தேடினாள். நான் ஜன்னலைக் காட்டினேன். அக்கா கொஞ்ச நேரம் அந்த முடிச்சைப் பார்த்தபடி நின்றாள். பிறகு அவிழ்க்காமல், பட்டையைத் தளர்த்தி, போனை அதற்குள் செருகினாள். சரியாக நின்றது. அவள் போனுக்கென்றே அளவெடுத்து நீங்கள் போட்டதல்லவா.

"நீ வெளிய மாட்டப் பாத்துக்க. ரெண்டு நிமிசத்துல சொல்லிட்டு வெச்சுடறேன்" என்றாள்.

நான் மாட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். தூரமாக ஓட்டிப் போகவில்லை. ஜன்னலுக்குப் பக்கத்திலேயே நின்றேன்.

அந்த அம்மா வந்தார். உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அக்கா பதில் சொன்னாள். ஏதோ பேசினார்கள். அக்கா இன்னும் சொல்லவில்லை, இன்னும் சொல்லவில்லை என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போது அந்த அம்மா ஒன்று கேட்டார்.  அக்கா ஜன்னல் பக்கம் திரும்பினாள். 

"அப்பாவக் கேக்கறாங்கடி. அன்னிக்கு ஜன்னல்லருந்து பதில் சொன்னாரே, அவரு நல்லா இருக்காராங்கறாங்க. அவங்கப்பாவும் மாடு வெச்சிருந்தவராம். அந்தக் குரல மறக்கவே இல்லியாம்."

நீங்கள் கெடுக்கவில்லை அப்பா. உங்களிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தது இதுதான். பேர் கேட்காத தூரத்துக்கு நீங்கள் போயிருக்கவே வேண்டாம்.

அக்காவால் அவருக்குப் பதில் சொல்ல முடியவில்லை. உங்களைப் பற்றிய பதிலும் இல்லை, வேலையைப் பற்றிய பதிலும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டாள். சத்தம் நின்றுபோனதும், டவர் போய்விட்டது என்று அந்த அம்மா நினைத்திருக்க வேண்டும்.

"ஹலோ? டாக்டர் சவரிமுத்து? ஆர் யூ தேர்?"

அதே கேள்வி. அதே கணீர்க் குரல்.

மாட்டுக் கயிறு என் ஒரு கையில் இருந்தது. இன்னொரு கை வாய்மேல் இருந்தது. அந்தக் கையை எடுத்து, உங்கள் முடிச்சுக்குக் கீழே கம்பியைப் பிடித்துக்கொண்டு, உள்ளே முகத்தைக் காட்டினேன்.

"இருக்கறோமுங்க" என்றேன். "அக்கா வருவாங்க."